பரிவட்டமும் செக் புத்தகமும்

ஆடி அமாவாசைக்குத் திருநெல்வேலிப் பக்கம் காரையாறு சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போய்வந்தவர்களிடம் சிங்கம்பட்டி ஜமீன் தர்பாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2020 மே மாதம் காலமான ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, ராஜ உடையும் தலைப்பாகையுமாக வந்து உட்காருவார். கூட்டம் கும்பிடும். கும்பிட்டவர்களில் யாரும் அவருக்கு ஒரு ரூபாய் தீர்வை கட்டியவர்கள் இல்லை. 1948-ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு அந்த உரிமை போய்விட்டது. மாஞ்சோலை மலையை 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்டது ஜமீன்தான்; பின்னால் குத்தகைப் பணம் வாங்குகிற இடத்தில் அரசாங்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜமீனுக்கு மிஞ்சியது பரிவட்டம்.

ஜமீன்தாரை மன்னர் என்று சட்டம் சொல்லாது, சரி. ஆனால் அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது. மரியாதை ஒரு நாற்காலிக்கு, கணக்கு வேறொரு நாற்காலிக்கு. பிரிட்டனில் மன்னர் அமைச்சர்களின் ஆலோசனைப்படி கையெழுத்துப் போடுவார். பிரதமர் வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பார். மன்னர் கேட்கலாம், ஊக்கம் சொல்லலாம், எச்சரிக்கலாம், அவ்வளவுதான். இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பிரதமரைக் கிழித்துத் தொங்கப் போட்டாலும் நாட்டை அவமதித்ததாக யாரும் சொல்ல முடியாது. நாட்டுக்குரிய கும்பிடு வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

அதனாலேயே அங்கே உண்மை தழைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. 2019-ல் பிரிட்டன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கிவைக்கப் பிரதமர் ஆலோசனை சொன்னார், ராணி ஒப்புதல் தந்தார். செப்டம்பர் 24-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் அது செல்லாது என்றார்கள். சொல்லப்பட்ட காரணம் மெய்யா பொய்யா என்று பார்க்கிற வேலை கிரீடத்துக்கு இல்லை, பார்த்தது நீதிமன்றம். தாய்லாந்தும் இதே வகை முடியாட்சிதான். அங்கே தண்டனைச் சட்டத்தின் 112-ம் பிரிவுப்படி மன்னரை இழிவாகப் பேசினால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 வருஷம் சிறை. ஸ்வீடனில் 1974-ம் வருஷத்து அரசியலமைப்புக்குப் பிறகு பிரதமரை நியமிப்பதில்கூட மன்னருக்குப் பங்கில்லை, சபாநாயகர் பார்த்துக்கொள்கிறார். அதே ஸ்வீடனில்தான் அரசாங்கக் காகிதத்தைக் குடிமக்கள் கேட்டுப் பார்க்கலாம் என்று 1766-லேயே சட்டம் வந்தது. நமக்கு அது, தகவல் அறியும் உரிமைச் சட்டமாக, வர 2005 ஆயிற்று. நடுவில் 1997-ல் தமிழ்நாடு தனக்கென்று ஒரு தகவல் சட்டம் போட்டது. அதில் விலக்குகள் ஏராளம்.

ராஜா இருக்கிறாரா, ஓட்டுப் போட்டு வந்தவர் இருக்கிறாரா என்பதைவிட, காகிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க முடிகிறதா என்பதே பெரிய கேள்வி என்று நினைக்கிறேன். நம் பக்கத்துக் கிராமங்களில் கேட்க முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சட்டம் இல்லை. பரிவட்டத்தையும் செக் புத்தகத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்துவைத்திருக்கிறோம். கோவில் கொடையில் முதல் மரியாதை ஊராட்சிப் பிரசிடெண்டுக்கு, கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி பிரசிடெண்டுக்கு; துணைத் தலைவரோடு சேர்ந்து ஊராட்சிப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுவதும் அவரே. அதனால் மோட்டார் ரிப்பேர் பில் எவ்வளவு என்று கேட்டால், "பிரசிடெண்ட் அண்ணாச்சியவே சந்தேகப்படுதியா வே?" என்று பக்கத்தில் இருக்கிறவர் பாய்வார். கேள்வி கணக்கைப் பற்றியது, பதில் மரியாதையைப் பற்றியது. அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

இதைக் கடக்க ஒரு வழி உண்டு. கும்பிட்டுவிட்டுக் கேட்க வேண்டும், ஆளைக் கேட்காமல் படிவத்தைக் கேட்க வேண்டும். "அண்ணாச்சி, உங்க மேல ஒண்ணுமில்ல. படிவம் முப்பத மட்டும் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, எழுதிக்கிடுதோம்." படிவம் 30 என்பது ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை, கிராம சபையில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டியது. இப்படிக் கேட்டால் மறுக்கிறவர்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

கிராம சபை வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏழு நாளுக்கு முன்னால் அறிவிப்பு வர வேண்டும். ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்த எண்ணிக்கையில்தான் பல ஊர்களில் முதல் பொய் பிறக்கிறது. நாற்பது பேர் கூடிக் கலைவார்கள். மறுநாள் ரேஷன் கடை வரிசையில் நோட்டு சுற்றும், கையெழுத்து நூற்றைத் தாண்டும். இரண்டாவது பொய், வெற்றுப் பக்கம். கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுத் தீர்மானத்தை நிதானமாக அலுவலகத்தில் எழுதுவது. தீர்மான நோட்டில் எழுதி, வாசித்து, கடைசி வரிக்குக் கீழே குறுக்குக் கோடு போட்ட பிறகுதான் கையெழுத்து என்று நாலு பேர் பிடிவாதமாக நின்றால் போதும். கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கையெழுத்தும் கடைசிக் கையெழுத்தும் படத்தில் தெரிய வேண்டும். பின்னால் ஐம்பது பெயர் முளைத்தால் அந்தப் படம் பேசும்.

மானூர்க்காரர்களுக்கு இதில் பழைய பெருமை ஒன்று உண்டு. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்து மானூர்க் கல்வெட்டில், சபையில் யார் உட்காரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதியிருக்கிறது. ஏறத்தாழ 1,200 வருஷத்துக்கு முந்தைய சங்கதி. எந்தக் காரியம் வந்தாலும் "கூடாது, கூடாது" என்று மறித்துக்கொண்டே இருக்கிறவருக்கும் அவருக்குத் துணை போகிறவருக்கும் ஐந்து காசு தண்டம். மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்கள், அதே கல்வெட்டில் முழுப் பங்கு நிலமும் வேதப் படிப்பும் இருந்தால்தான் சபையில் இடம் என்று எழுதியிருப்பதைச் சொல்ல மாட்டார்கள். உழுதவனுக்கு அங்கே இடமில்லை. இன்றைக்கு நமக்கு வந்திருக்கிற வியாதி நேர் எதிர்: "கூடாது" என்று சொல்ல ஒரு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

ஊராட்சிக் கணக்கைப் பார்க்கிறவர்கள் பெரிய வேலைகளை நோக்கித்தான் முதலில் ஓடுவார்கள். எடுத்தவுடன் அங்கே போகாதீர்கள். தெருவிளக்கு, மோட்டார் ரீவைண்டிங், பைப்லைன் உடைப்பு, பிளீச்சிங் பவுடர் என்று மாதாமாதம் வருகிற சில்லறை பில்களைப் பாருங்கள். இவை யார் கண்ணிலும் படாது, வருஷக் கடைசியில் கூட்டினால் ஒரு சிமெண்ட் ரோடு வரும். பிளீச்சிங் பவுடரையே எடுத்துக்கொள்வோம். 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது கிராமங்களில் போடுகிற அளவு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு தடவைக்கு 120 கிராம். நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் மாதம் 3.6 கிலோ. 25 கிலோ மூட்டை ஒரு தொட்டிக்கு ஏழு மாதத்துக்குக் கிட்டத்தட்ட வரும். இரண்டு தொட்டி உள்ள ஊரில் மாதம் இரண்டு மூட்டை பில் இருந்தால் கேட்கலாம். ஆனால் சாக்கடைக்கும் அதே பவுடர்தான் தெளிப்பார்கள். அதை விட்டுவிட்டுக் குற்றம் சொன்னால் கூட்டத்தில் நம் மூக்குதான் உடையும். "தொட்டிக்கு எவ்வளவு, சாக்கடைக்கு எவ்வளவு, இருப்புப் பதிவேட்டில் எந்தப் பக்கம்" என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். மோட்டார் விஷயத்தில் தேதிதான் சாட்சி. ரீவைண்டிங் பில் தேதியில் ஊரில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததா என்று பெண்களிடம் கேட்டால் உடனே தெரிந்துவிடும்; குடம் தூக்குகிறவர்களுக்குத் தண்ணீர் வராத நாள் மறக்காது.

சிமெண்ட் ரோட்டுக்கு வருவோம். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று மதிப்பீட்டில் இருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட். நீளத்தையும் அகலத்தையும் யாரும் குறைக்க மாட்டார்கள், டேப் வைத்தால் தெரிந்துவிடும். குறைவது கனத்தில். 10 சென்டிமீட்டர் போட்டால் 30 கன மீட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். கன மீட்டருக்குத் தோராயமாக ஏழு மூட்டை சிமெண்ட் என்று வைத்தாலும் நூறு மூட்டைக்கு மேல். ஆனால் ரோட்டு ஓரத்தில் அளந்து ஏமாறாதீர்கள். ஓரத்தில் பலகை அடைத்து ஊற்றுவதால் அங்கே மட்டும் முழுக் கனம் இருக்கும், நடுவில் மண் மேடு தட்டியிருக்கும். ரோடு முடிகிற குறுக்கு முனையில், அடுத்த வேலை தொடங்குவதற்கு முன்னால், மூன்று இடத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். ஸ்கேலின் எண்ணும் ரோட்டுப் பக்கத்துக் கட்டிடம் ஏதாவது ஒன்றும் அந்தப் படத்தில் சேர்ந்து விழ வேண்டும். அளவை எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தால்தான் அது சாட்சி. அந்தப் புத்தகம் பார்க்கக் கிடைப்பதற்குத்தான் தகவல் சட்டம்.

தகவல் மனு எழுதுவதில் நூற்றுக்குத் தொண்ணூறு தப்பு ஒரே தப்பு: "ஏன்" என்று கேட்பது. "ஏன் ரோடு தரமாகப் போடவில்லை", "ஊழல் நடந்தது உண்மையா" என்று எழுதினால், இது தகவல் வரையறைக்குள் வராது என்று ஒரு வரியில் பதில் வரும், சட்டப்படி அது சரியும்கூட. அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இன்ன தெரு, இன்ன நிதியாண்டு, இன்ன வேலை: மதிப்பீட்டின் நகல், பணி உத்தரவு, அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள், பட்டியல் என்கிற பில், வேலைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் எடுத்த படங்கள். ஒரு மனுவுக்கு ஒரு வேலை. பத்து வருஷக் கணக்கை மொத்தமாகக் கேட்டால் 7(9)-ம் பிரிவைக் காட்டி, கேட்ட வடிவில் தர முடியாது என்பார்கள். பிரிவு 2(ஜே)-யின் கீழ் கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரம் இலவசம். அதே பிரிவில் பொருளின் மாதிரியையும் சான்றொப்பத்தோடு கேட்கலாம் என்று இருக்கிறது. ரோட்டு மாதிரி, பைப் மாதிரி. அதிகம் பேர் அதைத் தொடுவதில்லை.

மனுவில் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்துவைத்துக்கொண்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வைக்க வேண்டும். பொதுத் தகவல் அலுவலர், கிராம ஊராட்சிப் பிரிவு, வட்டார வளர்ச்சி அலுவலகம் என்று முகவரி எழுதினால் போதும். வேறு அலுவலகத்துக்கு உரியதாக இருந்தால் ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) சொல்கிறது. நாள் எண்ணுவது நீங்கள் அனுப்பிய தேதியிலிருந்து கிடையாது, அவர்கள் கையில் கிடைத்த தேதியிலிருந்து 30 நாள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லி 28-ம் நாள் கடிதம் வந்தால் கோபப்பட வேண்டாம். பணம் கட்டும்வரை ஆகும் நாள் கணக்கில் வராது, உடனே கட்டிவிடுங்கள். 30 நாள் தாண்டிவிட்டால் நகலுக்குக் காசே இல்லை. பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கு 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். பொதுத் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் என்பது உண்டு. அதை மனுவிலேயே எழுதி மிரட்டுகிறவர்களுக்குப் பதில் சீக்கிரம் வந்து நான் பார்த்ததில்லை.

"கோப்பு கிடைக்கவில்லை" என்ற பதில் அடிக்கடி வரும். எட்டாம் பிரிவின் விலக்குப் பட்டியலில் அப்படி ஒரு காரணமே இல்லை. மேல்முறையீட்டில் இரண்டைக் கேளுங்கள்: அந்தக் கோப்பு பதிவான பதிவேட்டுப் பக்கம், காணாமல் போனதற்குக் கொடுத்த புகாரின் நகல். பல நேரம் கோப்பு தானாக வந்துவிடும். ஆட்களின் பெயர், அவர்கள் வாங்கிய தொகை என்று கேட்பது இப்போது கடினம். தனிநபர் தகவலுக்கு விலக்குத் தருகிற 8(1)(ஜே) பிரிவையே 2023-ம் வருஷத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மாற்றி எழுதிவிட்டது. பயனாளி யார் என்று கேட்பதைவிட, இத்தனை வீடு, இத்தனை தொகை, இன்ன தேதி என்று எண்ணிக்கையாகக் கேட்பது பிழைக்கிற வழி. இந்த மாற்றம் நல்லதற்கு வரவில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சின்ன ஊரில் மனுப் போட்டவர் பெயர் மூன்றாம் நாள் டீக்கடையில் இருக்கும். 6(2)-ம் பிரிவுப்படி காரணம் சொல்லத் தேவையில்லை, ஊர்க்காரராகவும் இருக்கத் தேவையில்லை. இந்தியக் குடிமகன் என்றால் போதும். நம் பக்கத்தில் மும்பையிலோ சென்னையிலோ மச்சினன் இல்லாத வீடு ஏது? அங்கிருந்து மனு வரட்டும். தனி நபர் பெயரில் வர வேண்டும், சங்கத்தின் லெட்டர்பேடில் வேண்டாம்.

பெண் தலைவர்கள் உள்ள ஊராட்சிகளில் கதை வேறு. அம்மாள் நாற்காலியில் இருப்பார். பிரசிடெண்ட் வீட்டுக்காரர் பேசுவார், பில் பார்ப்பார், ஒப்பந்ததாரரைக் கூப்பிடுவார். மேலோட்டமாகப் பார்த்தால் இங்கேயும் மரியாதை ஒரு இடம், அதிகாரம் ஒரு இடம். ஆனால் பிரிட்டனில் அதிகாரம் வைத்திருக்கிறவர் சபையில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். இங்கே பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்து மட்டும் போடுகிறார், எல்லாம் செய்கிறவர் எந்தக் காகிதத்திலும் இல்லை. செங்கோட்டைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. 1956 நவம்பர் 1 வரை அந்த ஊர் மலையாளத்துப் பக்கம். 1946-ல் திருவிதாங்கூர் திவான் சி.பி.ராமசாமி ஐயர் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: வயது வந்தவர்கள் எல்லாருக்கும் ஓட்டு உண்டு, ஆனால் அவர்கள் தேர்ந்தெடுக்கிற சபையால் திவானை நீக்க முடியாது. "அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்" என்று மக்கள் கோஷம் போட்டார்கள். மூன்று வருஷத்தில் அதே மகாராஜா சித்திரைத் திருநாள், திருவிதாங்கூர்-கொச்சியின் ராஜப்பிரமுகராக, அதாவது மாநிலத்தின் பெயரளவுத் தலைவராக, அமைச்சர்கள் சொல்கிறபடி கையெழுத்துப் போடுகிறவர் ஆனார். திவான் பதவி போயிற்று. வீட்டுக்காரர் பதவிதான் இன்னும் போகவில்லை.

கிராம சபையில் செய்யக்கூடியது சின்னதுதான். கேள்வியை அம்மாளைப் பார்த்தே, "தலைவரம்மா" என்று கூப்பிட்டுக் கேளுங்கள். வீட்டுக்காரர் எழுந்து பதில் சொன்னால், "பதில் அளித்தவர் இன்னார், ஊராட்சியில் பொறுப்பு எதுவும் இல்லாதவர்" என்று நோட்டில் பதியச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், பதிந்தால் போதும். இரண்டு கூட்டத்தில் அவர் பின்வரிசைக்குப் போவார். அம்மாள் கணக்கை வாசிக்கத் தடுமாறினால் சிரிக்கிற இளவட்டங்களை அடக்குவதும் கேள்வி கேட்கிறவர் வேலைதான். அடுத்த கூட்டத்தில் அவர் தயாராக வருவார்.

ஊராட்சிக்கு மேலே போனால் உண்மையைப் பிடிக்க வேறு கருவிகள். சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் படிவம் 26-ல் சொத்துக் கணக்கைப் பிரமாணமாகத் தருகிறார்கள், தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் எடுக்கலாம். மொத்தத் தொகையைப் பார்த்து வாய் பிளப்பதில் பிரயோசனம் இல்லை. நிலத்தின் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வாங்கிய தேதியும் பத்திரத் தொகையும் வந்துவிடும். பொய்ப் பிரமாணத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125-ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. விசாரணைக் கமிஷன்களைப் பற்றியும் நம் ஊர்க்காரர்களுக்கு அனுபவம் இருக்கிறது. 1999 ஜூலை 23-ம் தேதி, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் பிணமாக மிதந்தார்கள். கமிஷன் வந்தது, அறிக்கை வந்தது. கமிஷன் அறிவிக்கும்போது அதன் விசாரணை வரம்பு என்ன என்ற வரிகளை அன்றைக்கே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கப்படாத கேள்விக்கு அறிக்கையில் பதில் வராது. அறிக்கை கொடுத்த ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு சபையில் வைக்க வேண்டும் என்று 1952-ம் வருஷத்துச் சட்டம் 3(4) பிரிவில் சொல்கிறது.

கடைசியாக, தேதி பற்றி. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. மாவட்டம் பிரிந்ததால் மற்ற ஊர்களைவிடத் தாமதம். ஐந்து வருஷம் 2026 அக்டோபரில் நிறைகிறது. ஆட்சி மாறுகிற சமயத்தில்தான் நோட்டுகள் இடம் மாறும், பழையவர் புதியவரைக் காட்டுவார், புதியவர் பழையவரைக் காட்டுவார். எனவே பதவிக்காலம் முடிய நாலு மாதம் இருக்கும்போதே ஐந்து வருஷத்துத் தீர்மான நோட்டு, சொத்துப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, அளவுப் புத்தகப் பட்டியல் இவற்றின் நகலுக்குத் தனித்தனி மனுவாகப் போட்டுவிடுங்கள். ஒரு மனு, ஒரு பதிவேடு, ஒரு ஸ்டாம்ப்.